மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது? குடும்பக் கடனை அடைத்து முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வருடம் முழுக்க நாங்கள் சிக்கனமாக இருந்தோம். வெளியே சாப்பிடுவதைப் பாதியாகக் குறைத்தோம். துணிமணி எடுக்கவில்லை. விளக்கை அணைத்தாயா, மின்விசிறியை நிறுத்தினாயா என்று ஒருவரையொருவர் விரட்டிக்கொண்டே இருந்தோம். வருடக் கடைசியில் உட்கார்ந்து பார்த்தால் கடன் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது எங்கே போனது என்று தெரியவில்லை.

தேடிப் பார்த்தபோது விடை எளிதாகத்தான் இருந்தது. மிச்சமான பணம் சம்பளக் கணக்கிலேயே கிடந்திருக்கிறது. கிடந்த பணம் கண்ணில் பட, கண்ணில் பட்டது கரைந்திருக்கிறது. செலவைக் குறைப்பதும் கடனைக் குறைப்பதும் ஒன்றுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நடுவே ஒரு வேலை இருக்கிறது: மிச்சமான பணத்தை, மிச்சமான அன்றைக்கே கடன் கணக்கில் கொண்டுபோய்ப் போடுவது. அதைச் செய்யாதவரை மிச்சம் என்று எதுவும் கிடையாது. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒரு வேலைக்காகத்தான்.

உதாரணங்களில் வரும் தொகைகளுக்கு நாணயப் பெயர் போடவில்லை. உங்கள் பணத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

முதல் படி: எல்லாக் கடனும் ஒரே தாளில்

நிறையப் பேருக்குத் தங்கள் மாதத் தவணை எவ்வளவு என்று தெரியும், மொத்தக் கடன் எவ்வளவு என்று தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இருக்காது. அதனால் இந்த முதல் படிதான் எல்லாவற்றையும் விடக் கடினம்.

ஒரு தாளை எடுத்து ஆறு பத்திகள் போடுங்கள். யாருக்குக் கொடுக்க வேண்டும், இன்றைய அசல் நிலுவை எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டுகிறோம், எந்தத் தேதியில், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா. இரண்டாவது பத்தியில் கவனம் தேவை. மீதமுள்ள தவணைகளைக் கூட்டிப் போடக் கூடாது. அதில் இனி வரப்போகும் வட்டியும் சேர்ந்திருக்கும். "இன்றைக்கே முழுசாக அடைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கடன் கொடுத்த இடத்தில் கேளுங்கள். அந்த எண்தான் வேண்டும்.

நாங்கள் எழுதி முடித்ததும் என் மனைவி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"உங்க சித்தப்பாகிட்ட வாங்கினது எங்க?"

"அது கைமாத்துதானே. அவர் கேட்கவே மாட்டார்."

"கேட்க மாட்டார்ங்கறதுக்காகக் கடன் இல்லன்னு ஆயிடுமா? முதல்ல அதை எழுதுங்க."

எழுதினேன். பிறகு அவள் தன் பங்குக்கு, தோழியிடம் வாங்கியிருந்ததைச் சொன்னாள். எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்குக் கொஞ்சம் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் இந்தத் தாளை வைத்துச் சண்டை போடுவதில்லை என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். நீங்களும் அப்படிப் பேசிவைத்துவிட்டு உட்காருங்கள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் வைத்திருக்கும் கடன்தான் திட்டத்தைப் பாதியில் கவிழ்க்கும்.

தேதிப் பத்தியில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. ஒரு கடனின் தவணை, சம்பளம் வருவதற்கு 2 நாள் முன்பு தானாகப் பிடிக்கப்படும்படி அமைந்திருந்தது. கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும், அபராதம் விழும், சம்பளம் வந்ததும் நான் கையால் கட்டுவேன். 7 மாதம் இப்படியே ஓடியிருக்கிறது. அபராதம் விழுவது எனக்குத் தெரியவே இல்லை. தேதியை மாற்றித் தரும்படி ஒரு விண்ணப்பம் கொடுத்தேன், மாற்றித் தந்தார்கள். தேதிகளைச் சம்பள நாளுக்கு அடுத்த மூன்று நாளுக்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: வட்டியின் உண்மை உருவம்

வட்டி விகிதத்தைப் பல வேடங்களில் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தால்தான் எது தின்கிறது என்று தெரியும்.

முதல் வேடம், மாத வட்டி. "மாதம் 3 சதவீதம்தான்" என்று கேட்கும்போது சின்னதாக இருக்கும். 12-ஆல் பெருக்கினால் 36. கட்டாமல் விட்டால் வட்டி மேல் வட்டி ஏறி, ஒரு வருடத்தில் 42 சதவீதத்தைத் தாண்டும். கடன் எத்தனை காலத்தில் இரட்டிப்பாகும் என்று மனக்கணக்காகப் பார்க்க 72-ஐ வட்டியால் வகுத்தால் போதும். மாதம் 3 சதவீதம் என்றால் 24 மாதம். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பசியோலி 1494-லேயே இந்த 72 கணக்கை எழுதிவைத்திருக்கிறார். 500 வருடப் பழைய கணக்குதான், இன்றைக்கும் ஏறத்தாழச் சரியாகவே சொல்கிறது.

இரண்டாவது வேடம், ஃபிளாட் ரேட். 1,00,000 கடன், 12 சதவீதம், 3 வருடம். ஃபிளாட் முறையில் வருடத்துக்கு 12,000 வீதம் 36,000 வட்டியைச் சேர்த்து 36-ஆல் வகுப்பார்கள். மாதத் தவணை சுமார் 3,778. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள், திருப்பிய அசலுக்கும் சேர்த்துக் கடைசி மாதம்வரை வட்டி கட்டுகிறீர்கள். குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே 12 சதவீதத்துக்குத் தவணை சுமார் 3,321தான், மொத்த வட்டி 20,000-க்கும் குறைவு. அந்த ஃபிளாட் 12 என்பது குறையும் நிலுவைக் கணக்கில் ஏறத்தாழ 21 சதவீதம். கையெழுத்துப் போடும் முன் "இது ஃபிளாட்டா, குறையும் நிலுவையா?" என்று கேட்கும் ஒரு கேள்விக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

மூன்றாவது, "வட்டியில்லாத் தவணை". செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, மொத்தமாகப் பணம் கொடுத்து வாங்கினால் தள்ளுபடி உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். தள்ளுபடி உண்டு என்றால், தவணையில் வாங்குகிறவர் இழக்கும் அந்தத் தள்ளுபடிதான் வட்டி.

இப்போது கிரெடிட் கார்டு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் ஓட்டை இங்கேதான். நிலுவை 50,000, மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சம் கட்ட வேண்டியது நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வட்டி 1,500 சேர்ந்து 51,500 ஆகிறது. அதில் 5 சதவீதமான 2,575 கட்டுகிறீர்கள். புதிதாக எதுவும் வாங்காமல் இப்படியே ஒரு வருடம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மொத்தம் சுமார் 27,500 கட்டியிருப்பீர்கள். கடன் குறைந்திருப்பது சுமார் 11,500. மீதி 16,000 வட்டியாகப் போய்விட்டது.

ஏன் இப்படி? நிலுவை குறையக் குறைய அந்த 5 சதவீதமும் குறைகிறது. அடுத்த மாதம் 2,520, அதற்கடுத்து 2,465. பில் குறைந்துவருவதைப் பார்த்து நமக்கு நிம்மதி வேறு. இதையே வேறு மாதிரி செய்யுங்கள்: முதல் மாதம் கட்டிய அதே 2,575-ஐ, பில்லில் என்ன போட்டிருந்தாலும் சரி, ஒவ்வொரு மாதமும் கட்டுங்கள். கடன் 30 மாதத்தில் முழுவதும் தீர்ந்துவிடும். குறைந்தபட்சத் தொகையைப் பின்பற்றியவருக்கு அதே 30 மாதத்தில் பாதிக் கடன்தான் தீர்ந்திருக்கும். இத்தனைக்கும் முதல் மாதம் இருவரும் கட்டியது ஒரே தொகை. மாதம் 4,000 கட்ட முடிந்தால் 16 மாதம் போதும்.

கட்டும் தொகையை ஒருமுறை முடிவு செய்தபின் குறைக்கவே கூடாது. இந்தப் பிடிவாதம் பின்னால் மறுபடி வரும்.

மூன்றாம் படி: ஒரு மாதச் செலவை எழுதுவது

இதைப் பற்றி அளவுக்கு மீறியே எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 30 நாள், நோட்டிலோ போனிலோ, செலவு செய்த அன்றைக்கே எழுதுங்கள். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர் 1904-ல் குடும்பத் தலைவிகளுக்காக 'காகேபோ' என்ற வீட்டுக் கணக்கு நோட்டு முறையைக் கொண்டுவந்தார். கையால் எழுதும்போது செலவு மனதில் உறைக்கும் என்பது அதன் சூட்சுமம். செயலிகள் தானாகவே வகைபிரித்துக் காட்டும், வசதிதான்; ஆனால் யாரும் பார்ப்பதில்லை. நான் நோட்டுக் கட்சி.

வகைகளை ஐந்தாறுக்கு மேல் போடாதீர்கள். 20 வகை போட்டால் இரண்டாவது வாரமே சலித்துவிடும்.

எழுதும்போது ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: அந்த மாதத்தில் வராத செலவு. காப்பீட்டுத் தொகை, பள்ளிக் கட்டணம், வாகனப் பழுது, பண்டிகை, வீட்டுப் பொருள் ரிப்பேர் என்று வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வருபவை. இவற்றை "திடீர்ச் செலவு" என்று சொல்கிறோம். வருடா வருடம் அதே மாதத்தில் வருவதற்குத் திடீர் என்ன? கடந்த 12 மாதத்தில் வந்த இப்படிப்பட்ட செலவுகளைக் கூட்டி, 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதச் செலவாகவே வையுங்கள். எங்கள் புதுக் கடன்களில் பாதிக்கு மேல் இந்த வகையில் வந்தவைதான். எந்தெந்த மாதத்தில் கார்டைத் தேய்த்திருக்கிறோம் என்று பார்த்தபோது, ஒவ்வொன்றும் முன்கூட்டியே தெரிந்த மாதம்.

நான்காம் படி: ஒரு சிறு கையிருப்பு

கடனை அடைக்கும் வேகத்தில் கையிலிருக்கும் கடைசிக் காசுவரை வழித்துக் கட்டிவிடாதீர்கள். அடுத்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் வரும், திரும்பவும் கார்டுதான். ஒரு சாதாரண இக்கட்டைச் சமாளிக்கும் அளவுக்கு, ஏறக்குறைய அரை மாதச் செலவுத் தொகையை, தனிக் கணக்கில் முதலில் ஒதுக்குங்கள்.

அதற்கு மேல் சேமிப்பு இப்போதைக்கு வேண்டாம். 36 சதவீத வட்டிக் கடன் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் 6 சதவீத வைப்பில் பணம் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "சேமிப்பைத் தொட மனசு வரலை" என்பார்கள். அந்தச் சேமிப்பை வைத்திருக்க வருடத்துக்கு 30 சதவீதம் வாடகை கொடுக்கிறார்கள். வருமானம் நிலையில்லாதவர்கள் மட்டும் கையிருப்பை ஒன்றரை, இரண்டு மாதச் செலவு அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எங்கே குறைப்பது

சின்னச் சின்னச் செலவுகளை ஒழித்தால் மலையைப் பெயர்க்கலாம் என்ற அறிவுரையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தினமும் 40 மிச்சம் பிடித்தால் வருடத்துக்கு 14,600 என்பது உண்மைதான். ஆனால் அதற்கு 365 நாளும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒரே ஒரு முறை முடிவெடுத்துவிட்டால் மாதாமாதம் தானே மிச்சமாகும் செலவுகளை முதலில் பிடியுங்கள்.

வாடகை, வாகனம், காப்பீடு, போன் மற்றும் இணையக் கட்டணம், சந்தாக்கள், இருக்கும் கடன்களின் வட்டி விகிதம். இவைதான் பெரிய மீன்கள். வீட்டில் இரண்டு வாகனம் இருந்து ஒன்று வாரத்தில் நான்கு நாள் நின்றுகொண்டே இருக்கிறது என்றால், அதன் தவணை, காப்பீடு, பராமரிப்பு, நாளுக்கு நாள் குறையும் மதிப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அதை விற்று, வந்த பணத்தை அன்றே அதிக வட்டிக் கடனில் போடுவது, இரண்டு வருடச் சிக்கனத்துக்குச் சமமாகலாம். மனம் வராது. எங்களுக்கும் வரவில்லை, நாலு மாதம் தள்ளிப்போட்டோம். அந்த நாலு மாதத்துக்கும் வட்டி கட்டினோம்.

சந்தாக்களுக்கு ஒரு வழி: கடந்த 3 மாத வங்கி, கார்டு அறிக்கைகளை எடுத்து, தானாகப் பிடிக்கப்படும் ஒவ்வொன்றையும் அடிக்கோடிடுங்கள். எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு, ஒரு மாதத்தில் எதைத் தேடுகிறீர்களோ அதை மட்டும் திரும்பச் சேருங்கள். எதை வைத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே யோசித்தால் எல்லாமே அவசியமாகத்தான் தெரியும்.

காப்பீட்டில் குறைக்கும்போது கவனம். மருத்துவக் காப்பீட்டை நிறுத்தி மிச்சம் பிடிப்பது தூணைப் பிடுங்கி விறகு எரிப்பது மாதிரி. ஒப்பிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

மின்சாரத்தில் ஒருமுறை செய்து முடிக்கும் வேலைகள் நிறைய உண்டு. பழைய 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தருகிறது. தினம் 5 மணி நேரம் எரியும் ஒரு பல்பை மாற்றினால் வருடத்துக்கு 93 யூனிட் மிச்சம். உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள், பல்பின் விலை எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தெரியும். வீட்டில் மின்சாரத்தைக் குடிப்பவை சூடாக்குபவையும் குளிராக்குபவையும்தான்: வெந்நீர்க் கலன், குளிர்சாதனம், இஸ்திரிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி. போன் சார்ஜரைப் பிடுங்கி வைத்ததில் திருப்திப்பட்டுக்கொண்டு வெந்நீர்க் கலனை நாள் முழுக்க எரியவிடுவது வேடிக்கை. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் வருடத்துக்குப் பதினோராயிரம் லிட்டருக்கு மேல் வீணாக்கும். தண்ணீருக்குக் காசு கொடுக்கிறவர்கள் இன்றைக்கே வாஷர் மாற்றிவிடலாம்.

கடையில், பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பாருங்கள். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதில்லை. விலையை ஏற்றாமல் எடையைக் குறைத்து விற்பதும் வழக்கம். ஒரு கிலோ என்று நினைத்து எடுப்பது 900 கிராமாக இருக்கும். பட்டியல் எழுதிக்கொண்டு போவதும் வயிறு நிறைந்தபின் போவதும் எல்லோரும் சொல்வதுதான், இரண்டும் வேலை செய்கிறது.

இணையத்தில் வாங்குவதற்கு இரண்டு வேலிகள் போட்டோம். செயலிகளில் சேமித்து வைத்திருந்த கார்டு எண்ணை அழித்தோம். எழுந்து போய்க் கார்டை எடுத்து எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்ற சோம்பலே பாதி வாங்கலைத் தடுத்துவிடும். இரண்டாவது, கூடையில் போட்டு 3 நாள் விடுவது. மூன்றாம் நாள் பார்த்தால் நாமா இதை வாங்க நினைத்தோம் என்றிருக்கும். 40 சதவீதத் தள்ளுபடியில் வாங்கும் தேவையில்லாத பொருள், 60 சதவீதம் நஷ்டம். அவ்வளவுதான்.

இப்போது அந்த நடு வேலை. ஒரு சந்தாவை ரத்து செய்தீர்கள், மாதம் 300 மிச்சம். அடுத்த நிமிடமே வங்கிச் செயலியைத் திறந்து, கடன் கணக்குக்குத் தானாகப் போகும் தொகையில் அந்த 300-ஐ ஏற்றுங்கள். பழைய பொருளை விற்று 2,000 வந்ததா, வந்த கையோடு கட்டுங்கள். கடையில் பட்டியலுக்குள் நின்று 150 மிச்சம் பிடித்தீர்களா, வாசலிலேயே நின்று அதை அனுப்புங்கள். சின்னத் தொகையை ஏற்காத கடன் என்றால் தனியாக ஒரு கணக்கு வைத்து அதில் போட்டு, மாதம் ஒருநாள் மொத்தமாகக் கட்டலாம். அந்தக் கணக்குக்குக் கார்டு வாங்காதீர்கள். முதல் வாரம் என் மனைவிக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. மாதக் கடைசியில் இப்படிப் போன துண்டு துக்காணிகளைக் கூட்டிப் பார்த்தபின், கடை வாசலில் "அனுப்பிட்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஆறாம் படி: எதை முதலில் அடைப்பது

இரண்டு கட்சிகள் உண்டு. அதிக வட்டிக் கடனை முதலில் அடை என்பது ஒன்று, சின்னக் கடனை முதலில் முடி என்பது மற்றொன்று. கணக்குப்படி முதல் வழியில்தான் வட்டி குறைவு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனிதர்கள் கணக்குப்படி நடப்பதில்லை. டேவிட் கேல், பிளேக்லி மெக்ஷேன் என்ற இரு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக மூடி முடித்தவர்களே மொத்தக் கடனையும் தீர்ப்பதில் அதிகம் வெற்றி பெற்றதைக் கண்டார்கள். மூடிய கணக்கின் தொகை பெரிதா சிறிதா என்பது அவ்வளவு முக்கியமாக இல்லை.

என் முடிவு: வட்டி வித்தியாசம் பெரிதாக இருந்தால் வட்டியைப் பாருங்கள். 36-க்கும் 12-க்கும் நடுவில் உணர்ச்சிக்கு இடமில்லை. 14-க்கும் 16-க்கும் நடுவில் என்றால் சின்னதை முடித்து மூச்சு வாங்குங்கள்.

வரிசையை விட முக்கியமானது, ஒரு கடன் முடிந்ததும் அதன் தவணைத் தொகை என்ன ஆகிறது என்பது. ஒரு குடும்பத்தின் தாளில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

கிரெடிட் கார்டு: 50,000, மாதம் 3 சதவீதம், கட்டுவது 4,000
தனிநபர் கடன்: 1,20,000, வருடம் 18 சதவீதம், தவணை 6,000
தவணையில் வாங்கிய பொருள்: 18,000, வருடம் 24 சதவீதம், தவணை 2,000
உறவினர் கைமாற்று: 30,000, வட்டி இல்லை, மாதம் 1,000

மொத்தம் 2,18,000. மாதம் போவது 13,000.

பொருளுக்கான தவணை 10 மாதத்தில் முடிகிறது. வழக்கமாக என்ன நடக்கும்? அப்பாடா, மாதம் 2,000 மிச்சம் என்று அது வீட்டுச் செலவில் கலந்துவிடும். 16-ஆம் மாதம் கார்டு முடியும், 4,000 கலந்துவிடும். 24-ஆம் மாதம் தனிநபர் கடன், 30-ஆம் மாதம் கைமாற்று. இரண்டரை வருடம்.

இப்போது 13,000-ஐக் குறைக்காமல் பிடித்து நில்லுங்கள். 11-ஆம் மாதம் அந்த 2,000-ஐக் கார்டில் சேர்த்து 6,000 கட்டினால் கார்டு 14-ஆம் மாதமே முடிகிறது. அந்த 6,000-ஐத் தனிநபர் கடனில் சேர்த்து மாதம் 12,000 கட்டினால், அது 19-ஆம் மாதம் முடிகிறது. 20-ஆம் மாதம் கைமாற்றின் மீதி. சம்பளம் ஒரு காசு கூடவில்லை, புதிதாக எந்தச் செலவையும் குறைக்கவில்லை. 30 மாதம் 20 மாதமாகிவிட்டது. இதில் ஐந்தாம் படியில் மிச்சம் பிடித்தது இன்னும் சேரவே இல்லை.

உறவினர் கடனைக் கடைசியில் வைத்ததில் ஒரு நெருடல் இருக்கும். வட்டி இல்லை என்பதற்காக மாதம் ஒன்றுகூடக் கொடுக்காமல் இருக்காதீர்கள். சிறு தொகையானாலும் தேதி தவறாமல் கொடுத்தால் உறவு பிழைக்கும். அவருக்கே அவசரம் என்றால் வரிசையை மாற்றி அவருக்குக் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வட்டிக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஏழாம் படி: கடன் கொடுத்தவரிடம் பேசுவது

தவணை தவறிய பிறகு பேசுவதற்கும் தவறப்போகிறது என்று முன்கூட்டிப் பேசுவதற்கும் மரியாதையே வேறு. ஒழுங்காகக் கட்டி வந்தவர் "வட்டியைக் குறைக்க முடியுமா, இல்லையென்றால் வேறு இடத்துக்கு மாற்றப்போகிறேன்" என்று கேட்டால் பல இடங்களில் இறங்கிவருவார்கள். கேட்பதற்குக் கட்டணமில்லை. பேசி முடித்ததை எழுத்தில் வாங்குங்கள்.

பல கடன்களை ஒரே கடனாக மாற்றும் யோசனை வரும்போது, வட்டியை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். 1,00,000-ஐ 18 சதவீதத்தில் 2 வருடத்தில் அடைத்தால் தவணை சுமார் 4,992, மொத்த வட்டி 19,800 சொச்சம். அதையே 12 சதவீதத்துக்கு மாற்றி 6 வருடம் நீட்டினால் தவணை 1,955தான். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. மொத்த வட்டி 40,700-ஐத் தாண்டுகிறது. வட்டி விகிதம் குறைந்தும் வட்டி இரட்டிப்பானது. மாற்றுங்கள், ஆனால் பழைய தவணைத் தொகையையே தொடர்ந்து கட்டுங்கள். மாற்றியபின் காலியான கார்டு பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அதை வெட்டிப் போடுங்கள், அல்லது வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக் கடன் உள்ளவர்களுக்கு: 20,00,000 கடன், 9 சதவீதம், 20 வருடம் என்றால் தவணை சுமார் 17,995. முதல் மாதத் தவணையில் 15,000 வட்டி, அசலுக்குப் போவது மூவாயிரத்துக்கும் குறைவு. முழுக் காலமும் கட்டினால் வட்டி மட்டும் 23 லட்சத்துக்கு மேல். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் ஏறத்தாழ மூன்றரை வருடம் முன்பே முடியும். இப்படிக் கூடுதலாகக் கட்டும்போது "தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா?" என்று கேட்பார்கள். காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆனால் இது 9 சதவீதக் கடன். 36 சதவீதக் கடன் இருக்கும்வரை இதன் பக்கம் கூடுதலாக ஒரு காசும் போக வேண்டாம்.

ஒரு கடன் முடிந்ததும் நிலுவை இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பேரம் பேசிக் குறைவான தொகைக்குத் தீர்த்தால், கடன் அறிக்கையில் அது முழுமையாக அடைத்ததாகப் பதியாமல் வேறு விதமாகப் பதியலாம். பின்னால் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும்.

எதுவுமே மிஞ்சாத வீட்டில்

இதுவரை சொன்னதெல்லாம் மாதக் கடைசியில் ஏதோ கொஞ்சம் மிஞ்சுகிற வீட்டுக்கு. மிஞ்சவே இல்லை, துண்டுதான் விழுகிறது என்றால் வரிசை வேறு. முதலில் சாப்பாடு, கூரை, மின்சாரம், மருந்து, வேலைக்குப் போய்வரும் செலவு. இவை போக இருப்பதைத்தான் கடன்காரர்களுக்குப் பிரிக்க வேண்டும். யார் அதிகமாகப் போன் செய்து சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் கட்டும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. சத்தத்துக்கும் வட்டிக்கும் சம்பந்தமில்லை. அடமானம் வைத்த கடன்களில் பொருள் பறிபோகும் என்பதால் அவற்றுக்கு முன்னுரிமை. பழைய கடனை அடைக்க அதைவிட அதிக வட்டியில் புதுக் கடன் வாங்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் பணம் தரும் செயலிகள் உட்பட. பல நாடுகளில் லாப நோக்கில்லாத கடன் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன, வெட்கப்படாமல் போகலாம். இந்த நிலையில் செலவைக் குறைப்பதற்கு ஓர் எல்லை உண்டு, வருமானத்தைக் கூட்டும் வழியைத்தான் தேட வேண்டும்.

வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுபவர்கள், நிலையான தொகைக்குப் பதில் விகிதம் வைத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த வருமானம் வந்த மாதத்தை அளவாக வைத்து வீட்டுச் செலவை அமைத்து, அதற்கு மேல் வருவதில் பாதியையாவது வந்த அன்றே கடனுக்கு அனுப்புவது.

நடுவில் ஒரு மாதம் சறுக்கும். எங்களுக்கு இரண்டு மாதம் சறுக்கியது. விட்ட தொகையைப் பிடிக்கிறேன் என்று அடுத்த மாதம் இரட்டிப்பாகக் கட்ட முயலாதீர்கள், அது மூன்றாவது சறுக்கலில்தான் முடியும். பழைய தொகையிலிருந்தே தொடருங்கள்.

அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தோம். ஒவ்வொரு கடன் முடியும்போதும் மகள்தான் கோடு போடுவாள், அடிஸ்கேல் வைத்து. கடைசி வரி சித்தப்பாவுடையது. பணத்தை எடுத்துக்கொண்டு இருவரும் நேரில் போனோம்.

"எதுக்குப்பா இது? நான் கேட்டேனா?" என்றார்.

"நீங்க கேட்கல மாமா" என்றாள் என் மனைவி.

வாங்கிக்கொண்டவர், சட்டைப் பையில் வைக்கும் முன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.